சுற்றிப் போன வழி

கமலாசனி டீச்சரோடு பாசறைக்குப் போய்வந்த பிள்ளைகளைக் கேட்டால், முதலில் அவருடைய கூடாரத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். தெல்தெனியப் பக்கம் நீர்த்தேக்கத்தின் கரையில் சாரணியர் பாசறை போடும்போது, மற்ற ஆசிரியைகள் மாலை மங்கியதும் கூடார வாயிலை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். கமலாசனி டீச்சரின் வாயில் மட்டும், அட்டை ஏறினாலும் சரி, சாரல் அடித்தாலும் சரி, ஒரு பக்கம் சுருட்டிக் கட்டியபடியே இருக்கும். வெளியே நின்று யாராவது "டீச்சர்" என்று வாயெடுத்தால் போதும், உள்ளேயிருந்து "ஓம், வாறன்" என்று பதில் வந்துவிடும்.

"டீச்சர் தூங்கவே மாட்டாங்களாடி?" என்று ஒருத்தி கேட்பாள்.

"தூங்குவாங்க. காதை மட்டும் கழட்டி வாசல்ல வெச்சிட்டுத் தூங்குவாங்க" என்பாள் இன்னொருத்தி.

வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகள் அவை. பிள்ளைகளைக் கூட்டிப்போய் நாலு கூடாரம் அடிப்பதற்கும் பொலீசிடம் எழுதிக் கேட்கவேண்டிய காலம். டீச்சர் அலைந்து திரிந்து அனுமதி வாங்குவார். முடிச்சுகள் கற்றுக்கொடுப்பார். ஈர விறகில் அடுப்பு மூட்டிக் காட்டுவார். ஒன்றை மட்டும் செய்யமாட்டார். பாசறையின் முதல் நாளில், அடுத்தவர் இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு விறகு பார்க்கப் போய்விடுவார்.

ஒரு காலத்தில் அந்தப் பேச்சை அவரைப்போலப் பேசக் கண்டியில் ஆளில்லை.

கமலாசனி கண்டியிலேயே பிறந்தவள். தகப்பன் இராஜரத்தினம் யாழ்ப்பாணத்திலிருந்து கச்சேரிக்கு, அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு, எழுதுவினைஞராக வந்தவர். கட்டுக்கலையில் வாடகைக்கு எடுத்த வீட்டிலேயே வேலையை முடித்து ஓய்வும் பெற்றார். தாய் நேரத்தோடு காலமாகிவிட்டாள். தகப்பனும் மகளுமாக இரண்டே பேர் இருந்த வீட்டிலும் ஒருவர் அறைக்குள் மற்றவர் கதவைத் தட்டாமல் போனதில்லை. "தட்டாமல் வாறது மாடு" என்பது இராஜரத்தினத்தின் வாசகம். சாப்பிடும்போது பேசக்கூடாது. இன்னொருவருக்கு வந்த கடிதத்தின் தலைப்பைக்கூடப் பார்க்கக்கூடாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்து, படித்த பாடசாலையிலேயே ஆசிரியையான கமலாசனிக்கு இந்த ஒழுங்கு உடம்போடு ஊறிப்போயிருந்தது. கூட்டத்தில் ஒட்டாத பெண். பஸ்ஸில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சேலைத் தலைப்பை மடிக்குள் எடுத்துக்கொள்வாள். எடுத்துக்கொண்டதை அவர்கள் கவனிக்காதபடிதான் எடுத்துக்கொள்வாள்.

சாரணியர் பாசறை அவளுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான். அணை கட்டி முடிக்காத அந்த நாட்களில், பழைய தெல்தெனியவுக்குக் கீழே ஆற்றோரத்துச் சமதரையில் பாசறை போடுவார்கள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு துண்டு நிலம். சுற்றிவரத் தும்புக் கயிறு. வாசலுக்கு அடையாளமாக இரண்டு தடி.

"இந்தக் கயிறு மெல்லிசுதான் பிள்ளைகள்" என்று கமலாசனி தொடங்குவாள். "காலாலை எத்தினால் அறுந்துபோகும். ஆனால் இதைச் சுவர் எண்டு நினைக்கிறவைதான் சாரணியர். ஆரின்ரை இடத்துக்குள்ளாலையும் குறுக்கை நடக்கக்கூடாது. எவ்வளவு தூரமெண்டாலும் சுத்தித்தான் போகவேணும். வாசலிலை நிண்டு கூப்பிடுங்கோ. பதில் வராட்டில் திரும்பிப் போங்கோ. எட்டிப் பாக்கக்கூடாது, திருப்பித் திருப்பிக் கூப்பிடவும் கூடாது. அவை நித்திரையாய் இருக்கலாம், அழுதுகொண்டிருக்கலாம். அது அவையின்ரை இடம்."

பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் கேட்பார்கள். ஆறு பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு யூலையில் கண்டி நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. கட்டுக்கலை வீட்டுக் கதவு உடைந்தபோது கமலாசனியும் இராஜரத்தினமும் பின்வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் குசினிக்குள் இருந்தார்கள். பிறகு பொலீஸ் லொறி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டுபோய் ஒரு மலைச்சரிவிலிருந்த பாடசாலை மண்டபத்தில் இறக்கிவிட்டது. மண்டபம் நிறையச் சனம். கச்சேரி ஐயாமாரும் நகைக்கடைக்காரரும் மாநகரசபைத் தொழிலாளரும் தோட்டத்து ஆட்களும், அதுவரை ஒரே கூரையின் கீழ் இருந்தறியாதவர்கள், பாய் பாயாக ஒட்டிக் கிடந்தார்கள். எழுந்து போகிறவன் படுத்திருப்பவளின் தலைமயிரை மிதித்துக்கொண்டு போனான். உடுப்பு மாற்ற இடமில்லை. வயதான ஒரு அம்மா, மாற்றுச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஆண்முகம் இருந்ததால், மண்டபத்தின் நடுவில் மெல்லச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அதைப் பார்த்தபோதுதான் கமலாசனி எழுந்தாள். பாடசாலையின் சாமான் அறையில் சாரணியர் கயிறு எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எல்லாப் பாடசாலையிலும் அது ஒரே இடத்தில்தான் இருக்கும். பொறுப்பாக இருந்த மாஸ்டரிடம் கேட்டு எடுத்துவந்து, ஜன்னல் கம்பியிலும் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளின் கால்களிலும் கட்டி, மண்டபத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தாள். நடுவில் ஒரு நடைபாதை விட்டாள். கயிற்றில் சேலைகளைத் தொங்கவிடச் சொன்னாள். ஆற்றங்கரையில் சொன்னதையே இங்கேயும் சொன்னாள்.

மஹய்யாவையிலிருந்து வந்திருந்த சின்னமுத்து, மாநகரசபையில் குப்பை லொறியோடு போகிறவன், கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீச்சரம்மா விட்டா சிலோனையே கயிறு கட்டிப் பிரிச்சிடுவாங்க போல."

"கயித்தோட முடிஞ்சாத்தான் நல்லாருக்குமே" என்றான் பக்கத்தில் நின்றவன்.

மண்டபம் சிரித்தது. அங்கே வந்த பிறகு கேட்ட முதல் சிரிப்பு அது. கமலாசனியும் சிரித்தாள். அந்த வயதான அம்மா ஒரு நீலச் சேலைக்குப் பின்னால் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து, அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். தான் செய்தது நல்ல காரியம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நல்ல காரியம்தான்.

தகப்பனுக்கு இழுப்பு வருத்தம் இருந்ததால் காற்றோட்டமாகப் பக்கக் கதவடியில் தங்கள் இடத்தை அமைத்துக்கொண்டாள். அந்தக் கதவைத் திறந்தால் தண்ணீர்க் குழாய். அதைத் தாண்டினால் பெண்களுக்கென்று தகரம் அடித்த மலசலகூடம். தங்கள் இடத்துக்கு அப்பால், மேடைப் படிக்கட்டின் கீழ், ஒரு மூலை மிஞ்சியிருந்தது. ஒருவருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. பிந்தி வந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது.

பிந்தி வந்தவர்கள் ராக்கம்மாவும் அவள் மருமகள் பாப்பம்மாவும். திகனைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயம், அந்த வரிசை வீடுகள் முழுதும், எரிந்துவிட்டது. இரவுகளைத் தேயிலைக்குள் கழித்துவிட்டு வந்திருந்தார்கள். ராக்கம்மாவின் மகன் மூக்கையா கலகெதரப் பக்கம் ஒரு கடையில் வேலை செய்தவன். அவன் எங்கே என்று தெரியவில்லை. பாப்பம்மா சின்னப் பெண். யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். அவள் முழுகாமல் இருந்தது மாமியாருக்கு மட்டுந்தான் தெரியும்.

அந்த மூலையிலிருந்து பக்கக் கதவு கூப்பிடு தூரங்கூட இல்லை. ஆனால் நடுவில் கமலாசனியின் கயிறு இருந்தது. கயிற்றைத் தாண்டாமல் தண்ணீருக்குப் போவதென்றால், நடைபாதை வழியாக மண்டபத்தின் நீளம் முழுக்க நடந்து, முன் கதவால் வெளியேறி, கட்டிடத்தைச் சுற்றி வரவேண்டும்.

வந்த அன்று இருவரும் கயிற்றைத் தூக்கிவிட்டுக் குனிந்து குறுக்கே போனார்கள். இராஜரத்தினம் பாயிலிருந்து எழும்பிவிட்டார்.

"இதென்ன றோட்டோ? ஆக்கள் படுக்கிற இடமெண்டு கண் தெரியேல்லையோ?"

கமலாசனி தகப்பனை அமர்த்தினாள். பிறகு, எல்லோரும் கேட்க, கோபமே இல்லாத குரலில் ராக்கம்மாவுக்கு விதியை விளக்கினாள். கயிறு என்பது சுவர். வாசலில் நின்று கேட்கவேண்டும். பதில் வராவிட்டால் சுற்றிப் போகவேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"தெரியாமப் போயிட்டோங்க" என்றாள் ராக்கம்மா. கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

அதன்பிறகு அவள் ஒருநாளும் கேட்காமல் வந்ததில்லை. சேலைக்கு வெளியே நின்று, "டீச்சரம்மா, வரலாமா?" என்பாள். கமலாசனி "வாங்கோ" என்பாள். வாளியோடு திரும்பும்போது ஒன்றிரண்டு துளி சிந்தும். ராக்கம்மா தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் போவாள். அப்படியும் ஒருநாள் இராஜரத்தினத்தின் பாய் நனைந்துவிட்டது.

"உதுகளுக்கு ஒருக்கா இடம் குடுத்தால் பிறகு நாங்கள்தான் எழும்பிப் போகவேணும்" என்றார் அவர், அவர்களுக்குக் கேட்கும்படியாக.

"அப்பா, மெல்லக் கதையுங்கோ."

மெல்லக் கதையுங்கோ என்றுதான் சொன்னாள். அப்படிச் சொல்லாதேங்கோ என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் இராஜரத்தினம் மற்றக் கிழவர்களோடு முற்றத்து மரத்தடியில் வானொலிச் செய்திக்குக் காத்திருந்தார். கமலாசனி பாயில் படுத்தாள். வந்த நாள் தொட்டு அவளுக்குச் சரியான நித்திரை இல்லை. யாரோ விட்டுப்போன கலண்டர் மட்டையால் விசிறிக்கொண்டாள். ஜன்னல் வெயில் முதுகுப் பக்கமாக விழுந்தது. மண்டபத்தின் நடுவில் பிளேன்டீக்கு ஆண்கள் வரிசை கட்டும் சத்தம் கேட்டது. தன்னைச் சுற்றி நாலு பக்கமும் சேலை. அந்த அளவு இடம் தன்னுடையது என்ற நினைப்பே அவளுக்கு ஒரு குளிர்ச்சியாக இருந்தது.

"டீச்சரம்மா."

ராக்கம்மாவின் குரல். வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

"டீச்சரம்மா, தூங்குறீங்களா? இந்த ஒரு தடவை வழி விட்டீங்கன்னா, பாப்பம்மாவைப் பின்னால கூட்டிட்டுப் போயிருவேன்."

கமலாசனி கண்களை மூடிக்கொண்டாள். இந்த ஒரு தடவை. எத்தனை ஒரு தடவை என்று நினைத்தாள். எழுந்தால் சேலையை ஒதுக்க வேண்டும், பாயைச் சுருட்ட வேண்டும், அவர்கள் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். பதில் சொல்லாமல் இருந்தால் போய்விடுவார்கள். விதி அப்படித்தான். அவளே வகுத்தது. அவள் படுத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் வெளியே ஒன்றும் அசையவில்லை. பிறகு ராக்கம்மா மருமகளிடம் சொல்வது கேட்டது.

"தூங்குறாங்கடி. வா, சுத்திப் போயிருவோம்."

"மாமி, ஏலாது மாமி. எல்லாரும் இருப்பாங்க."

"பல்லைக் கடிச்சுக்கிட்டு வா. கயிறு இருக்கு, காலைப் பார்த்து எடுத்து வை."

காலடிகள் நடைபாதைப் பக்கம் திரும்பின. அவை ஏன் இவ்வளவு மெதுவாகப் போகின்றன என்று கமலாசனி நினைத்த அந்த நேரத்தில், மண்டபத்தின் சத்தம் அடங்கியது. ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரை, திரி இறக்கிய விளக்குப்போல அடங்கியது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். நடைபாதைப் பக்கத்துச் சேலையின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். எட்டிப் பார்க்கக்கூடாது என்று ஆயிரம் தடவை சொன்னவள்தான் பார்த்தாள்.

பாப்பம்மா நடைபாதையில் குந்தியிருந்தாள். அவளால் அதற்குமேல் நடக்க முடியவில்லை. வெளிறிய மஞ்சள் பாவாடையின் பின்புறம் முழுதும் இரத்தம். சிமெந்துத் தரையில் வந்த வழி நெடுகச் சொட்டியிருந்தது. முகத்தை முழங்காலுக்குள் புதைத்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தாள். ராக்கம்மா தன் உடம்பால் மறைக்கப் பார்த்தாள். ஒரு பக்கம் மறைத்தால் மறுபக்கம் தெரிந்தது. மண்டபத்துக்கே நடுவிடம் அது. எதிரே கோப்பைகளோடு ஆண்களின் வரிசை.

"திரும்புங்கடா" என்றான் சின்னமுத்து. சத்தமாகச் சொல்லவில்லை.

அவன் முதலில் சுவரைப் பார்த்துத் திரும்பினான். பிறகு அவனுக்குப் பின்னால் நின்றவன். பிறகு அடுத்தவன். வரிசை முழுதும் கோப்பைகளைக் கையில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. கமலாசனி கண்டது முதுகுகளைத்தான். அங்கே கயிறு ஒன்றும் கட்டியிருக்கவில்லை.

முன் கதவால் ஆஸியா உம்மா வந்தாள். திகனையில் சில்லறைக் கடை வைத்திருந்த குடும்பம். மகன் ஷிராஸ் வேன் ஓட்ட, அந்த நாட்களில் சோற்றுப் பார்சல் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்த மனுசி. கையிலிருந்ததை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"யா அல்லாஹ்! என்னத்தப் பார்த்துட்டு ஈக்கிறீங்க பொம்பளைகளெல்லாம்? ஒரு புள்ளைக்குப் போர்த்தத் துணியில்லாமப் போச்சா?"

சொல்லிக்கொண்டே பக்கத்தில் தொங்கிய சேலையைப் பிடித்து இழுத்தாள். அது கமலாசனியின் சேலை. சுவர் போய்விட்டது. கலண்டர் மட்டையைக் கையில் பிடித்தபடி, கண்கள் அகல விழித்தபடி, கமலாசனி அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"ஆள் ஈக்கா உள்ளுக்கு? எடுத்துக்கிறேன் மகள், கேட்டுட்டு நிக்க நேரமில்ல" என்று ஆஸியா உம்மா சேலையைப் பாப்பம்மாவைச் சுற்றிப் போர்த்தினாள். பிறகு ஏதோ விளங்கியவள்போல, திறந்து கிடந்த அந்த இடத்தையும் அதற்கு அப்பாலிருந்த பக்கக் கதவையும் ஒருதரம் பார்த்தாள். "இந்தா ஈக்கிற கதவ விட்டுட்டு இந்தப் புள்ளைய எங்க சுத்த வெச்சீங்க?"

ராக்கம்மாதான் பதில் சொன்னாள்.

"டீச்சரம்மா அசந்து தூங்கிட்டாங்க, பாவம். நாங்கதான் எழுப்பல."

ஆஸியா உம்மா கமலாசனியைப் பார்த்தாள். ராக்கம்மா பார்க்கவில்லை.

இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு இடம் அப்போது கிடைத்தது. மிகச் சின்ன இடம்தான், ஆனால் கிடைத்தது.

"ஓம்" என்றாள் கமலாசனி. "நல்ல நித்திரை. சத்தத்துக்குத்தான் முழிச்சனான்."

ஷிராஸின் வேனில் பாப்பம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போர்த்திய சேலையோடுதான் போனாள். தரையில் கிடந்ததை ராக்கம்மா போவதற்கு முன் அவசர அவசரமாகத் துடைக்கப் பார்த்தாள். "நீங்க போங்கக்கா, நான் பார்த்துக்கிறேன்" என்று சின்னமுத்து வாளியை வாங்கிக்கொண்டான். கமலாசனி எழுந்து உதவப் போனாள். அவன் "இருங்க டீச்சரம்மா" என்று மரியாதையாகத்தான் சொன்னான். அவள் தன் கயிற்றுக்குள் திரும்பி உட்கார்ந்தாள்.

கரு தங்கவில்லை. அது எப்படியும் தங்கியிருக்காது, காட்டில் குளிருக்குள் கிடந்த நாட்களே காரணம் என்று வைத்தியர் சொன்னதாக ராக்கம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கமலாசனி சேலைக்கு இப்பால் இருந்து கேட்டாள். நெஞ்சில் கிடந்த பாரம் ஒன்று சட்டென்று இறங்கியது. இறங்கிய வேகத்தை உணர்ந்தபோது அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. செத்தது பாப்பம்மாவின் பிள்ளை. ஆறுதல் பட்டதோ கமலாசனி.

கரு போனது தன்னால் இல்லை, சரி. ஆனால் அந்தப் பெண் மண்டபத்தின் நடுவில் குந்தியிருந்தது தன்னால்தான். முகத்தை மூட இரண்டு கை, உடம்பை மூட ஒன்றுமில்லை.

தகப்பனிடம் சொல்லிப் பார்த்தாள். "அப்பா, நான் நித்திரை இல்லை."

இராஜரத்தினம் அவளை நிமிர்ந்து பார்க்காமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "ஆர் இப்ப உன்னைப் பிழை சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"பிறகென்ன?"

ஒருத்தரும் சொல்லவில்லை என்பதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. கயிறுகளைப் பற்றிச் சனம் இன்னமும் நன்றாகவே பேசியது. வேறு முகாம்களைப் பார்த்துவந்த ஒரு அதிகாரி, இந்த மண்டபத்தின் ஒழுங்கைப் பாராட்டிவிட்டுப் போனார். கமலாசனிக்கு உண்மை ஒன்று மெல்ல மெல்ல வெளித்தது. அந்த மூலையில் தங்கள் ஊர்த் தலைமை ஆசிரியரின் மனைவி யாராவது இருந்திருந்தால், கயிறு கட்டிய அன்றே தானே கதவுக்கு ஒரு வழி விட்டிருப்பாள். இங்கே வழி விட இடம் இருந்தது. விடவேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். மற்ற இடங்களில் கயிறு மானத்தை மறைக்கக் கட்டியது. இந்த ஒரு இடத்தில் தொடாமல் இருக்கக் கட்டியது. இரண்டும் ஒரே கயிறு என்பதால் அவளுக்கே வித்தியாசம் தெரியாமல் இருந்திருக்கிறது.

பாப்பம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும் நாளன்று, கமலாசனி தங்கள் பாய்களைச் சுவரோடு ஒடுக்கினாள். பக்கக் கதவுக்கு நேராகக் கயிற்றை அவிழ்த்து இழுத்து ஒரு வழி விட்டாள். இராஜரத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பாயின் விளிம்பைச் சுருட்டிக்கொண்டார்.

ராக்கம்மா வாளியோடு நடைபாதைப் பக்கம் திரும்பியதைக் கண்டு கமலாசனி எழுந்து போனாள்.

"இனி இதாலையே போங்கோ. கேக்கத் தேவையில்லை. எப்பவும் திறந்துதான் இருக்கும்."

ராக்கம்மா அந்த வழியைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினால் கிடைக்காது.

"வேணாங்க டீச்சரம்மா. சுத்தியே பழகிருச்சு."

சொல்லிவிட்டு, மண்டபத்தின் நீளம் முழுக்க நடந்து, முன் கதவால் வெளியே போனாள். கொஞ்சம் கழித்துக் குழாயடியில் அவள் வாளி வைக்கும் சத்தம் பக்கக் கதவு வழியாகக் கேட்டது. அவ்வளவு கிட்ட.

அந்த வழி அப்படியே திறந்து கிடந்தது. மற்றவர்கள் எல்லோரும் அதற்குள்ளால் போனார்கள், வந்தார்கள். இராஜரத்தினத்தின் பாய் தினமும் நனைந்தது. மூலையிலிருந்த இருவர் மட்டும் அதில் கால் வைக்கவில்லை. பாப்பம்மாவை ராக்கம்மா ஆட்கள் குறைந்த நேரம் பார்த்துக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவாள். முழுத் தூரமும் சுற்றி.

மூக்கையா உயிரோடு வந்து சேர்ந்தான். வவுனியாப் பக்கம் காணி வெட்டிக் குடியிருக்கப் போகிற கூட்டத்தோடு போவதென்று அவன் முடிவெடுத்தான். லொறி வருகிற நாள் தெரிந்ததும் கமலாசனிக்குள் ஒன்றுதான் இருந்தது. அவர்கள் போவதற்குள் பாப்பம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். நித்திரை இல்லை, கேட்டது, கேட்டும் படுத்திருந்தேன். இவ்வளவையும் சொல்லவேண்டும். மன்னிக்கச் சொல்லிக் கேட்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லவேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

மத்தியானம், மூக்கையாவும் ராக்கம்மாவும் மூட்டையைக் கட்டி முற்றத்துக்குக் கொண்டுபோன நேரம் பார்த்துப் போனாள். மூலையில் இன்னமும் சேலை தொங்கியது. வெளிறிய பச்சை. மேடைப் பக்கத்து ஜன்னலிலிருந்து வெயில் அதன் பின்னால் விழுந்துகொண்டிருந்தது. கமலாசனி கயிற்றடியில் நின்றாள்.

"பாப்பம்மா."

பதில் இல்லை.

"பாப்பம்மா, நான் டீச்சர். வரலாமோ?"

சேலையில் ஒரு நிழல் இருந்தது. பாயில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் உருவம். இடுப்பின் வளைவு, தலை, தலைக்கு மேலே ஒரு கை. கையில் ஏதோ மட்டை. அது ஆடிக்கொண்டிருந்தது. அவள் கூப்பிட்டபோது ஒரு கணம் நின்றது. பிறகு, அவசரமில்லாமல், மறுபடியும் ஆடத் தொடங்கியது.

கமலாசனி அந்த நிழலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கும் மத்தியானம்தான். அன்றைக்கும் வெயில் முதுகுப் பக்கமாகத்தான் விழுந்தது. ராக்கம்மா இதே இடைவெளியில்தான் நின்றாள். டீச்சரம்மா, தூங்குறீங்களா என்று கேட்டபோது அவள் கண்ணுக்கு முன்னால் சேலையில் கலண்டர் மட்டை ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. தூங்குறாங்கடி என்று அவள் மருமகளுக்குச் சொன்னது அதைப் பார்த்துக்கொண்டேதான். மருமகளும் பார்த்திருக்கிறாள்.

சேலையை விலக்க ஒரு விரல் போதும். விலக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சொல்லிவிடலாம். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து கேட்பாள், அழுவாள், அல்லது பரவாயில்லைங்க டீச்சரம்மா என்பாள். இந்த மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள், சொல்லாமல் இருக்க அவர்களுக்கு எங்கே இடம் விட்டோம்? கமலாசனியின் கை கயிறு வரை போனது. கயிற்றைத் தொட்டது. அது மெல்லிசாக இருந்தது.

பதில் வராட்டில் திரும்பிப் போங்கோ. திருப்பித் திருப்பிக் கூப்பிடக்கூடாது.

கையை எடுத்தாள்.

திரும்பியபோது, தன் பாயடிக்கும் பக்கக் கதவுக்கும் போகும் வழி அவளுக்கு முன்னால் திறந்துதான் கிடந்தது. அவளே திறந்துவிட்டது. அதற்குள் கால் வைக்க அவளால் முடியவில்லை. நடைபாதைக்குத் திரும்பினாள். மண்டபத்தின் நடுவால் முன் கதவை நோக்கி நடந்தாள். பிளேன்டீ வரிசை வழக்கம்போலக் கட்டியிருந்தது. சின்னமுத்து கோப்பையோடு முன்னால் நின்றான்.

"என்னங்க டீச்சரம்மா, நீங்களே சுத்திப் போறீங்..."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டான். பாதியில் நிறுத்தினான். தன் முகம் எப்படி இருக்கிறது என்று கமலாசனிக்கு அப்போதுதான் தெரிந்தது. மூட வேண்டும் என்று கை எழவில்லை.

சின்னமுத்து சுவர்ப் பக்கம் திரும்பினான். பின்னால் நின்றவன் அவனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அவனும் திரும்பினான். ஒருவர் பின் ஒருவராகக் கோப்பைகளோடு எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். பாப்பம்மாவுக்குக் கொடுத்த மரியாதையை அப்படியே அவளுக்கும் கொடுத்தார்கள்.

அந்த முதுகுகளின் நீளம் முழுவதையும் அவள் நடந்து கடக்கவேண்டியிருந்தது.